சான்றிதழுக்குப் பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் தலைமைக் குடும்பங்களுக்கான தொழிற்பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரையுடன் முழு உடன்பாடு. பயிற்சியோடு கடமை முடிந்ததாக நினைப்பதே இங்குள்ள பெருங்குறை.

மட்டக்களப்பின் தன்னாமுனையில் தையல் பழகிய அயல்வீட்டுப் பெண்ணொருவர், கணவனை இழந்தவர், கொலர் வைப்பதில் கெட்டிக்காரி. சான்றிதழ் உண்டு, கடனுக்கு மெஷினும் எடுத்தார். ஓடர் வருவதோ தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும்தான். மற்ற மாதங்களில் தவணை கட்டக் கூலி வேலைக்குப் போகிறார். அந்தக் கைத்திறன் வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பயிற்சியோடு சந்தையையும் சேர்ப்பது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 1972இல் இலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' அமைப்பு, போருக்குப் பின் இந்திய அரசின் உதவியுடன் கிழக்கிலங்கையின் விதவைப் பெண்களுக்குப் பயிற்சியளித்தது. அத்திட்டத்தில் பெண்களுக்கான வர்த்தக நிலையமும் இடம்பெற்றது. சந்தையையும் சேர்த்துச் சிந்தித்த அந்த அணுகுமுறைதான் இன்றைய வகுப்புகளில் இல்லை.

அத்தகைய சந்தை ஒன்று கையருகே உண்டு: மாணவர்களுக்கு அரசு சீருடைத் துணி வழங்குகிறது. அதைத் தைக்கும் வேலையை அந்தந்த ஊரில் பயிற்சி பெற்ற பெண்கள் குழுக்களிடம் பாடசாலைகள் ஒப்படைக்கலாம். ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவர்களை மீண்டும் மாதக்கணக்கில் வகுப்பில் இருத்தவும் தேவையில்லை. அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. பிரதேச செயலகங்கள் அதை ஊர் ஊராக அறிவிக்க வேண்டும்.

வாசகர்,
தன்னாமுனை