பொருளில்லாச் சொல்லும் பொருள் தேடும் பிள்ளையும்



கணினி நிரலாக்கம் பழகத் தொடங்கியுள்ள என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அண்மையில் அகராதியும் கையுமாக வந்து நின்றான். “ஐயா, ‘பார்’ என்றால் கம்பி என்று போட்டிருக்கிறது. ‘ஃபூ’ என்ற சொல்லே இல்லை. எனக்கு ஆங்கிலம் போதவில்லையா?” என்று கேட்டான். பயிற்சித் தாளிலிருந்த அவ்விரு சொற்களுக்காகத் தன்னையே நொந்துகொண்டிருந்தான்.

உண்மையில் அவை பொருளற்ற பெயர்கள். ‘இவ்விடத்தில் எப்பெயரையும் இட்டுக்கொள்க’ என்பதற்காக நிரலாளர்கள் வைப்பவை. ‘ஃபூ’ என்பது பில் ஹோல்மன் 1935ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்மோக்கி ஸ்டோவர்’ என்ற அமெரிக்கச் சித்திரத் தொடரில் அடிக்கடி வந்த வேடிக்கைச் சொல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சீர்செய்ய முடியாதபடி கெட்டுப்போனதை அமெரிக்கப் படைவீரர்கள் ‘ஃபூபார்’ என்று கொச்சையாகக் குறித்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாதிரி இரயில் மன்றத்தார் 1959இல் தொகுத்த சொற்பட்டியலிலும் ‘ஃபூ’ உண்டு. 2001 ஏப்ரல் 1ஆம் நாள் இணையப் பொறியாளர் சிலர் இச்சொல்லின் வரலாற்றையே அரை விளையாட்டாக ஓர் ஆவணமாக்கினர்.

ஆக, இது ஒரு குழுவினர் தமக்குள் சிரித்துக்கொண்ட சொல். பின்னால் வந்த பிள்ளைக்கோ அது பூட்டிய கதவு.

நம் யாப்பிலும் வாய்பாட்டுச் சொற்கள் உள்ளன. ‘தேமா’ என்றால் மாமரத்தைப் பாடவேண்டும் என்பதில்லை. நேர்நேர் என அமையும் எச்சீரும் அங்கு வரலாம். ஆயினும் ‘தேமா’ தன் ஓசையாலேயே தன் இலக்கணத்தைக் காட்டிவிடும். ‘ஃபூ’ எதையும் காட்டாது.

பொருளற்ற பெயர் இருந்தால்தான் கவனம் பெயரில் சிக்காமல் அமைப்பின்மீது நிற்கும் என்பார் உளர். அது தேர்ந்தவர்க்குப் பொருந்தும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு ‘விலை’, ‘வயது’, ‘மதிப்பெண்’ போன்ற பெயர்களே ஏற்றவை. ‘ஃபூ’ வந்தே தீருமெனில், ‘இது வெறும் பெயர்’ என்பதை ஆசிரியர் முதலில் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை ‘புரியவில்லை’ என்றால் குறை பிள்ளையிடமே என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சில வேளைகளில் அங்குப் புரிந்துகொள்ள எதுவுமே இருப்பதில்லை.

அன்று அம்மாணவனிடம் ‘ஃபூ’ வரும் இடமெல்லாம் ‘விலை’ என்று மாற்றச் சொன்னேன். நிரல் முன்போலவே ஓடியது. அவன் முகம்தான் மாறியது.