சிக்லிட் மீனுக்கு மாட்டு இதயம் எதற்கு?

வண்ணமீன் வளர்ப்போரிடையே வேரூன்றிப்போன ஒரு நம்பிக்கை உண்டு. சிக்லிட் அசைவ மீன். மாட்டு இதயத்தை அரைத்துப் போட்டால்தான், இல்லையென்றால் உயிருள்ள குட்டி மீன்களை விட்டால்தான் அதற்குச் சதை பிடிக்கும், நிறம் ஏறும் என்பது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

கொன்று தின்னும் இனம் என்பது முதல் காரணம். சிக்லிட் ஒரு தனி மீன் இல்லை, பெரிய குடும்பம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டுமே 500 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. நம் கடைகளில் நீலமும் மஞ்சளுமாக ‘ஆப்பிரிக்கன் சிக்லிட்’ என்று விற்பவற்றில் பல, அந்த ஏரியின் பாறைக் கரையில் வாழும் ம்புனா மீன்கள். அவற்றில் லேபியோட்ரோபியஸ் ஃபுல்லேபோர்னியின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்கு தடித்து முன்னால் நீண்டிருக்கும். வாய் அதற்கு அடியில், குறுக்கே கீறிவிட்டதுபோல் அகன்றிருக்கும். அலை மோதும் இடத்திலும் பாறையோடு உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு, பாசியை நாள் முழுக்கச் சுரண்டி மேய அமைந்த வாய் அது. பாசிக்குள் இருக்கும் சிறு பூச்சிகளும் கூடவே உள்ளே போகும், அவ்வளவுதான். டாங்கனிக்கா ஏரியின் டிரோபியஸும் பாசி மேய்வதுதான். அதன் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். மீனை விழுங்கும் இனங்களுக்குக் குடல் குட்டை. அதே ஏரியில் மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்னும் பெரிசோடஸும் இருக்கிறது. வாய் வலப்பக்கம் கோணியது இரையின் இடப்பக்கத்தையும், இடப்பக்கம் கோணியது வலப்பக்கத்தையும் தாக்கும் என்று ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993இல் எழுதினார். இத்தனை விதமான வாய்க்கும் வயிற்றுக்கும் ஒரே தீனி எப்படிப் பொருந்தும்?

“போட்டவுடன் பாய்ந்து தின்கிறதே!” என்பார்கள். உண்மைதான், தின்னும். குறிப்பிட்ட இரைக்கென்றே வாய் அமைந்த சிக்லிட்டும் எளிதாகக் கிடைக்கும் வேறு இரையை விடாது என்பதை ஆய்வாளர் கரெல் லீம் 1980இலேயே எடுத்துக்காட்டினார். மிதவை உயிரிகள் பெருகும்போது பாறை மேயும் மீன்களும் மேலே எழுந்து அவற்றைத் தின்னும். ஏரியில் அந்த விருந்து எப்போதாவதுதான் வாய்க்கும். தொட்டியிலோ நாம் அதைத் தினசரிச் சாப்பாடாக்கிவிடுகிறோம். இதயத்தோடு சேரும் மாட்டுக் கொழுப்பு தொட்டியின் 26 டிகிரித் தண்ணீரில் உருகக்கூடச் செய்யாது. வயிறு ஊதி, வெள்ளை இழையாகக் கழிந்து, இரையெடுக்காமல் மூலையில் ஒதுங்கும் ‘மலாவி ப்ளோட்’ நோயை முழுக்கத் தீனியின் தலையில் கட்ட முடியாதுதான். ஒட்டுண்ணி, அழுக்குத் தண்ணீர், ஓயாத சண்டை எல்லாம் சேர்கின்றன. ஆனால் நம் கையில் இருப்பவற்றில் உடனே மாற்றக்கூடியது தீனி.

நிறத்துக்கும் மாட்டு இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சளும் சிவப்பும் தரும் கரோட்டினாய்டுகளை மீன் தானே உண்டாக்கிக்கொள்ளாது. பாசியிலிருந்தும் இறால் வகைகளிலிருந்தும்தான் பெறும். ம்புனாவின் நீலமோ தோல் செல்கள் ஒளியைத் திருப்பும் விதத்தால் வருவது.

ஆஸ்கர் என்ற சிக்லிட்டுக்காவது உயிர் மீன் வேண்டாமா? தென் அமெரிக்க ஆறுகளில் அது மீனோடு பூச்சி, இறால், நத்தை எல்லாம் தின்கிறது. நாம் விடும் தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். கூடவே நோயும் தொட்டிக்குள் வரும். மாட்டு இதயமும் இதற்கு மாற்று ஆகாது. ஆஸ்கரின் உடல் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது. மாட்டு இதயத்தில் அது மிகக் குறைவு.

மீன் வாங்கும்போதே அதன் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அது தன் ஏரியில், ஆற்றில் எதைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டு தீனி எடுங்கள். ம்புனாவுக்கு ஸ்பைருலினா பாசி கலந்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை போடுங்கள். ஆஸ்கருக்கு வைட்டமின் சேர்த்த நல்ல குறுணைத் தீனியும் இடையிடையே இறாலும் போதும். மாட்டு இதயத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.