கொள்ளிடத்துக்கு எந்த ரீல் சரி?

அணைக்கரைக்கு மேற்கே, கொள்ளிடத்தில் தண்ணி தேங்கி நிக்கிற பக்கம், ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டில் கூட்டம்தான். முன்னெல்லாம் மூங்கில் குச்சியும் தக்கையுமா நாலு பெருசுங்க உட்கார்ந்திருக்கும். இப்ப வர்ற தம்பிங்க எல்லார் கையிலயும் ரீல். எது வாங்கலாம்னு என்னையும் கேக்கிறாங்க. குறுவை நடவு முடிஞ்சதுலேருந்து சம்பா களையெடுப்பு வரைக்கும், கிடைச்ச சாயங்காலம் எல்லாம் நாலு விதமா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு தூரம் வீசுதுங்கிறதைவிட, மீன் இழுக்கும்போது எவ்வளவு பதமா நரம்பை விட்டுக் கொடுக்குதுன்னு பார்த்து வாங்குங்க. என் கருத்து அவ்வளவுதான். காரணத்தைச் சொல்றேன்.

மச்சான் திருப்பூரிலிருந்து கொண்டு வந்தது பெய்ட்காஸ்டர். பார்க்க அழகு. அதுல நூல் சுத்தியிருக்கிற உருளையே சுழலும். வீசினதும் கட்டைவிரலால உருளையை லேசா அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டா உருளை நரம்பைவிட வேகமா ஓடி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சிக்கிக்கும். மண்புழுவும் சின்ன ஈயக்குண்டும் மாட்டி வீசினா அந்த எடை அதுக்குப் பத்தாது. விராலுக்குப் பொம்மைத் தவளை போடறவங்களுக்கு அது சரி. சிலேபியும் கெளுத்தியும் பிடிக்க வர்ற நமக்கு எதுக்கு? மச்சான் முக்கால்வாசி நேரம் சிக்கெடுத்துக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தார்.

பித்தானை அமுக்கி வீசற மூடி போட்ட ரீல், சின்னப் பசங்களுக்குக் கொடுக்கலாம். நான் போட்டுப் பார்த்ததுல மூடிக்குள்ள கொள்ளிடத்து மணல் போய் நறநறன்னு அரைச்சுது. நரம்பும் கொஞ்சம்தான் பிடிச்சுது. அதைப் பத்தி வேற சொல்ல ஒண்ணுமில்லை.

நான் வச்சுக்கிட்டது ஸ்பின்னிங் ரீல். 2500 அளவு, ஏழடி ராடு, பத்து பவுண்டு நரம்பு. இதுல வீசும்போது நூல் உருளை அசையாம நிக்கும், நரம்பு மட்டும் நுனி வழியா உருவிக்கிட்டுப் போகும். சுத்தும்போது வெளியில இருக்கிற கம்பி வளையம் சுழன்று நரம்பைச் சேர்க்கும். இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு பக்கம் கம்பளி மில் தொழில்ல இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த்ங்கிறவர் 1905-ல் இந்த மாதிரி ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். மில்லுல நூல் கண்டிலிருந்து இழை உருவிக்கிட்டு வர்றதைப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்வாங்க. தறி பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். சின்ன எடையையும் சிக்கில்லாம வீசும். எதிர்க்காத்துல கொஞ்சம் மக்கர் பண்ணும், அவ்வளவுதான்.

ஆனா எந்த ரீலா இருந்தாலும் விஷயம் டிராக் திருகுலதான் இருக்கு. மீன் வேகமா இழுத்தா நரம்பு அறுந்துடாம, உருளை வழுக்கி விட்டுக் கொடுக்கிறதுக்குத்தான் அந்தத் திருகு. நம்ம தம்பிங்க 'மீன் ஓடிடும்ணே'ன்னு அதை இறுக்கி வச்சுடறாங்க. பெரிய வாளை ஒரு உலுக்கு உலுக்கினா நரம்பு பட்டுனு போயிடும். முள்ளோட மீன் ஒரு பக்கம், இருபது முப்பது அடி நரம்பு இன்னொரு பக்கம்.

அந்த நரம்பு எங்க போகுது? நாணல் புதர்ல, கோரையில, பாலத்துக் கல்லுல மாட்டிக்கிட்டுக் கிடக்கும். அது மக்கவும் மக்காது. போன தை மாசம் எங்க கன்னுக்குட்டி ஆத்தங்கரையில மேஞ்சுட்டு நொண்டிக்கிட்டே வந்துது. சேறும் மயிரும் மூடியிருந்ததால கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. மூணாம் நாள் கால்நடை மருத்துவர் வந்து கழுவிப் பார்த்தா, குளம்புக்கு மேல நரம்பு நாலு சுத்து சுத்தி சதைக்குள்ள இறங்கியிருக்கு. அறுத்து எடுத்தார். கால் பிழைச்சுது, தழும்பு அப்படியே இருக்கு. கொக்குக்கும் நாரைக்கும் எந்த மருத்துவர் வருவார்? ஒத்தைக் கால்ல நரம்பு தொங்கத் தொங்கப் பறக்கிற கொக்கை நம்ம பக்கம் எத்தனையோ பேர் பார்த்திருப்பீங்க.

அதனால வீட்டுலேயே ஒரு சோதனை பண்ணிட்டு வாங்க. டிராக் நரம்போட பலத்துல கால் பங்குலேருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். பத்து பவுண்டு நரம்புன்னா பலம் ஏறக்குறைய நாலரை கிலோ. ராடு வளையத்துல கோக்காம, ரீல்லேருந்து நேரா வர்ற நரம்புல ஒரு லிட்டர் தண்ணி நிரப்பின பாட்டிலைக் கட்டித் தூக்குங்க. அது தொங்கணும். ஒன்றரை லிட்டர் பாட்டிலைக் கட்டினா நரம்பு மெதுவா வழுக்கிக் கீழே இறங்கணும். செலவில்லாத அளவுகோல். இன்னொண்ணு, வழுக்கிக்கிட்டு இருக்கும்போது கைப்பிடியைச் சுத்தாதீங்க, நரம்பு முறுக்கேறிப் பாழாகும்.

பெரியப்பா இன்னமும் பாட்டில்ல சுத்தின நரம்பைத்தான் வச்சிருக்கார். அவருக்கு விரல்தான் டிராக். மீன் இழுத்தா விடுவார், அசந்தா சுருட்டுவார். அவர் நரம்பு அறுந்து நான் பார்த்தது கம்மி. விரல்ல மட்டும் பழைய வெட்டுக் காயம் நிறைய. பின்னல் நூலை அவர் தொடவே மாட்டார். அது நைலான் மாதிரி நீண்டு கொடுக்காது, கையை அறுத்துடும். எனக்கும் நம்ம ஆத்துக்குச் சாதா நைலானே போதும்னுதான் படுது.

ரீல் வாங்கப் போனா கடையிலேயே நரம்பை மாட்டச் சொல்லி, டிராக்கைத் தளர்த்தி, கையால இழுத்துப் பாருங்க. ஒரே சீரா வரணும். நின்னு நின்னு வெட்டி வெட்டி வந்தா அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. கடைக்காரர் எத்தனை பேரிங் இருக்குன்னுதான் முதல்ல சொல்வார், அதை அப்புறமா கேட்டுக்கலாம்.