சாமிக்கு ஒரு சட்டம், குடிசைக்கு ஒரு சட்டமா?

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அங்குள்ள பக்தஜனேசுவரர் கோயிலைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. அந்தச் சுந்தரரின் கதையில் ஒரு வழக்கு வருகிறது. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் புகுந்து, "இந்த மாப்பிள்ளை என் அடிமை; இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவராக வந்தவர் சிவபெருமான் என்கிறது பெரிய புராணம். ஆனால் சபையார் என்ன செய்தார்கள்? ஓலையைக் காட்டு என்றார்கள். பாட்டனின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு மனிதனை இன்னொரு மனிதனுக்கு அடிமையாக எழுதிவைக்கும் ஓலையை நாம் ஏற்பவர்களும் அல்ல. நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றுதான். கடவுளே வந்து உரிமை கொண்டாடினாலும் பத்திரம் கேட்டது அந்தச் சபை. இன்றைய அதிகாரிகள் கேட்கிறார்களா?

புறம்போக்கு யாருக்கு?

புறம்போக்கு என்றால் என்னவென்று நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏரிக்கரையோரம் நாலு கீற்றை வைத்துக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருகிறது. பிறகு போலீஸ் வருகிறது, பொக்லைன் வருகிறது. பிள்ளைகளின் பாடப் புத்தகமும் கஞ்சிப் பானையும் தெருவில் கிடக்கின்றன.

அதே புறம்போக்கில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பாருங்கள். ஆறு மாதத்தில் தகரக் கொட்டகை. மறு வருஷம் கும்பாபிஷேகம். அதற்கடுத்த வருஷம் சுற்றிலும் நாலு கடை, கடைக்கு வாடகை! அந்த வாடகை யார் மடியில் விழுகிறது? கல்லை நட்டவன் கூலிக்காரனா, காண்டிராக்டரா? ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. கேட்டால் சாமிக்கு விரோதி என்ற பட்டம்!

சட்டம் சொல்வது என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோதே, சர்க்கார் அலுவலகங்களில் மாட்டியுள்ள சாமி படங்களைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. அலுவலக வளாகங்களில் வழிபாட்டுத் தலம் கட்டக் கூடாது என்று 1993-லும் உத்தரவு வந்தது. 2009 செப்டம்பர் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது: தெருவிலோ, பூங்காவிலோ, வேறு பொது இடத்திலோ கோயில், மாதா கோயில், மசூதி, குருத்வாரா எதையும் புதிதாகக் கட்ட அனுமதிக்கக் கூடாது. அதன்பின் மாநிலங்கள் கொடுத்த கணக்கில், பொது இடங்களில் அனுமதியின்றி நிற்கும் வழிபாட்டுக் கட்டடங்கள் தமிழ்நாட்டில் மட்டும் 77 ஆயிரத்துக்கு மேல்! இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான்.

இந்தத் தராசின் மறுதட்டையும் பாருங்கள். 1997-ம் வருஷத்து ஊராட்சிக் கட்டட விதிகளின்படி, சொந்த நிலத்தில் வழிபாட்டுக் கட்டடம் எழுப்பினாலும் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதி கெடும் என்று கருதினால் கலெக்டர் மறுக்கலாம். எழுத்தில் இந்த விதி எல்லா மதத்துக்கும் ஒன்றுதான். நடப்பில்? பட்டா நிலத்தில் பள்ளிவாசலோ ஜெபவீடோ கட்ட மனுக் கொடுத்தால், ஆட்சேபம் சொல்ல நாலு பேர் கிளம்புகிறார்கள். உடனே அமைதி கெடும் என்று ரிப்போர்ட் எழுதப்படுகிறது. கலகம் செய்வேன் என்று மிரட்டுகிறவனுக்கு வெற்றி. அமைதியாக மனுக் கொடுத்தவனுக்குத் தோல்வி! சொந்த நிலத்துக்குக் கேள்வி உண்டு, பொது நிலத்துக்குக் கேள்வி இல்லை என்றால், இது எந்த ஊர் நியாயம்?

குமரிப் பாறை தந்த பாடம்

சர்க்கார் நடுநிலை தவறினால் என்ன ஆகும் என்பதைக் கன்னியாகுமரிக் கடற்பாறை காட்டியது. 1962-ல் விவேகானந்தர் நூற்றாண்டுக்கு நினைவுச் சின்னம் என்ற பேச்சு எழுந்தபோது, கத்தோலிக்க மீனவர்கள் அந்தப் பாறையில் சிலுவை நட்டார்கள். பிறகு அந்தச் சிலுவை காணாமற் போயிற்று. 1963 ஜனவரியில் விவேகானந்தர் பெயரில் கல்வெட்டுப் பதித்தார்கள். மே மாதம் அதை உடைத்துக் கடலில் எறிந்தார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம் முதலில் மண்டபத்துக்கு இணங்கவில்லை. ஆர்.எஸ்.எஸ். தலைவர்களில் ஒருவரான ஏகநாத் ரானடே டில்லிக்குப் போய் 323 எம்.பி.க்களின் கையெழுத்தைத் திரட்டினார். 1970 செப்டம்பரில் மண்டபம் திறக்கப்பட்டது.

பொதுப் பாறையில் சிலுவை நட்டதும் சரியல்ல. அதை அகற்றச் சட்டத்தை நாடாமல் ஆள் வைத்துக்கொண்டதும் சரியல்ல. யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்பதே கடைசியில் தீர்ப்பாகிவிட்டது என்பதுதான் நமது புகார். 1982-ல் அதே ஜில்லாவில் மண்டைக்காட்டில் ரத்தம் சிந்தியபோது செத்தவர்கள் யார்? மீனவனும் விவசாயியும்! கடல் மேல் போனவனும் கலப்பை பிடித்தவனும் அடித்துக்கொண்டார்கள். லாபம் யாருக்குப் போயிற்று என்பது அதற்குப் பிறகு நடந்த தேர்தல்களில் தெரிந்தது.

வெளிநாட்டிலும் இந்தத் தகராறு உண்டு. பொதுச் சின்னங்களில் இனி மத அடையாளம் வைக்கக் கூடாது என்று பிரான்ஸ் 1905-லேயே சட்டம் போட்டது. அமெரிக்காவில் 2005-ல் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பைபிளின் பத்துக் கட்டளைகளைக் கோர்ட்டுக் கட்டடத்தில் மாட்டியது தப்பு என்றது ஒன்று. டெக்சாஸ் சட்டசபை மைதானத்தில் உள்ள கல் இருக்கட்டும் என்றது மற்றொன்று. கோடு போடுவது எங்குமே சிரமம்தான். அதற்காகக் கோடே வேண்டாம் என்று யாரும் விடவில்லை.

நமக்கும் பொருந்தும்

"உங்கள் கொடிக்கம்பம் மட்டும் எங்கே நிற்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். நியாயமான கேள்விதான். நமது கம்பம் வழியை மறித்தால் நாமே நகர்த்தி நடுவோம். அப்போதுதான் மற்றவனைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

சிறுபான்மை மதத்துக்கு நியாயம் கேட்பதால், அந்த மதத்துக்குள் நடக்கும் அநியாயத்துக்கு நாம் கண்ணை மூட மாட்டோம். நம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சமத்துவம் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. ஒரே மாதா கோயில், ஒரே ஜெபம். சாதி மட்டும் இரண்டு! இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் முஸ்லிமானாலும், கீழே மிதிபடுகிறவன் உழைப்பாளிதான்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பொது நிலத்தின் கணக்கை ஊராட்சி வாரியாக வெளியிடு. 2009 உத்தரவை எல்லா மதத்துக்கும் ஒன்றுபோல் அமல் நடத்து. பழைய கோயில், மசூதி, மாதா கோயில் எதையும் கலவரக்காரன் கையில் விடாதே. கோர்ட்டு சொன்னபடி ஒவ்வொன்றாக விசாரித்து முடிவு செய். பட்டா நிலத்தில் வழிபட மனுக் கொடுத்தவனைக் காலவரையின்றி அலைக்கழிக்காதே. மிச்சமுள்ள புறம்போக்கில் முதல் உரிமை வீடில்லாதவனுக்கும், பிணம் புதைக்க இடமில்லாதவனுக்கும் கொடு.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளர்களே! அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். இந்த நிலத்துக்கு ஓலை எங்கே என்று கேளுங்கள். சாமியிடமே கேட்ட வட்டாரம் இது; காண்டிராக்டரிடம் கேட்க நமக்கு என்ன பயம்?