முடிவு வேண்டி நின்றோர்

கதையொன்றைத் தொடங்குபவன் கேட்பவனோடு எழுதாத ஒப்பந்தமொன்றைச் செய்துகொள்கிறான். 'நீ உன் பொழுதைத் தா. நான் உனக்கு முடிவைத் தருவேன்' என்பதே அவ்வொப்பந்தம். அது நடுவழியில் முறிந்தால் குற்றம் எவருடையது? முறிந்ததைப் பல்லாண்டு கழித்துப் பொருத்த முற்பட்டால் அது பொருந்துமா? பொருத்தியதைக் கண்டு மகிழ்ந்தோரும் முகஞ் சுழித்தோரும் எந்த நியாயத்தை முன்னிட்டு அவ்வாறு செய்தனர்? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய 'டெட்வூட்', தன் இறுதித் திரைப்படத்துக்காக இரசிகர்களை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க வைத்த கதை இவ்வினாக்களை எழுப்புகிறது. பொழுதுபோக்குச் செய்தியென ஒதுக்கிவிடத் தக்க கதையன்று இது.

முதலில் நடந்தவற்றைக் கூறுவோம். 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எச்.பி.ஓ. நிறுவனம் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. இதனைப் படைத்தவர் டேவிட் மில்ச். ஒருகாலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் போதித்தவர் அவர். 1876ஆம் ஆண்டில், தென் டகோட்டாவின் மலைப்பகுதியில், பொன்னாசை பிடித்தோர் கூடாரமடித்துக் குடியேறிய டெட்வூட் என்னும் உண்மையான ஊரே கதைக்களம். சட்டமும் அரசும் இல்லாத ஒரு கும்பல் எவ்வாறு மெல்ல மெல்ல ஊராகிறது, ஊர் எவ்வாறு சமுதாயமாகிறது என்பதே கதைப்பொருள். துப்பாக்கி வீரர்களைப் புகழும் வழமையான குதிரைவீரர் கதை அன்று இது. மதுக்கடையும் விபசார விடுதியும் நடத்தும் அல் ஸ்வெரிஞ்சன், கோபத்தை அடக்கத் தெரியாத சட்டக் காவலன் சேத் புல்லொக், மதுவில் மூழ்கிய கலாமிட்டி ஜேன் முதலிய பாத்திரங்கள் வரலாற்றில் வாழ்ந்த மாந்தரின் பெயரைத் தாங்கியவை. அவர்கள் பேசும் மொழியோ, வாய்கூசும் வசைச்சொற்களும் நாடகக் காப்பியத்துக்கேற்ற நீண்ட வாக்கியங்களும் ஒன்றோடொன்று பின்னிய விசித்திர மொழி.

மூன்று பருவங்கள், முப்பத்தாறு அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. பின் தொடர் நின்றது. செலவு மிகுந்த அத்தொடரின் நடிகர்களுடைய ஒப்பந்தங்களை நிறுவனத்தார் 2006இல் புதுப்பிக்காது விட்டனர். இரண்டு இரண்டுமணி நேரத் திரைப்படங்களாகக் கதையை முடித்துத் தருவதாக அப்போது சொல்லப்பட்டது. அவை எடுக்கப்படவேயில்லை. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி ஒளிபரப்பான அத்தியாயமே, எவரும் திட்டமிடாமல், இறுதி அத்தியாயமாகிவிட்டது.

அந்த அத்தியாயம் எவ்வாறு முடிந்தது என்பதை அறியாமல் பின்னர் எழுந்த வாதங்களை விளங்கிக்கொள்ள இயலாது. சுரங்க முதலாளி ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் ஊரையே விலைக்கு வாங்கிவிடத் துடிக்கிறான். அவனுடைய ஏவலால் எல்ஸ்வேர்த் என்னும் நல்ல மனிதன் கொல்லப்படுகிறான். ஆத்திரங்கொண்ட ட்ரிக்ஸி ஹேர்ஸ்ட்டைச் சுடுகிறாள். அவன் காயத்தோடு தப்புகிறான். சுட்டவளின் உயிரைக் கேட்கிறான். ட்ரிக்ஸியைக் காக்க விரும்பிய ஸ்வெரிஞ்சன், அவளைப் போன்ற தோற்றமுடைய ஜென் என்னும் வேறொரு பெண்ணைக் கொன்று, அந்தப் பிணத்தைக் காட்டி ஹேர்ஸ்ட்டை ஏமாற்றுகிறான். ஹேர்ஸ்ட் வெற்றியோடு ஊரை விட்டுப் போகிறான். ஸ்வெரிஞ்சன் முழந்தாளிட்டுத் தரையிற் படிந்த இரத்தக் கறையைத் தேய்த்துக் கழுவுகிறான். இதுவே கடைசிக் காட்சி. தீயவன் தண்டனை பெறவில்லை, குற்றமற்றவள் மாண்டாள், கறை மட்டும் எஞ்சியது.

இவ்வாறு அறுந்த கதைகளை ஒட்டவைக்கும்படி இரசிகர் குரலெழுப்புவது புதிய வழக்கமன்று. 1893இல் ஷேர்லொக் ஹோம்ஸைக் கதையிற் கொன்றுவிட்ட கொனன் டொயில், வாசகரின் ஓயாத வேண்டுகோளுக்கும் பதிப்பாளர் நீட்டிய பணத்துக்கும் இணங்கி, 1903இல் அவனை உயிரோடு திரும்ப வரவழைக்க நேர்ந்தது. நம் காலத்தில் இரசிகரின் கை மேலும் நீண்டிருக்கிறது. 2002இல் பதினான்கு அத்தியாயங்கள் எடுக்கப்பட்டுப் பதினொன்று மட்டுமே ஒளிபரப்பான நிலையில் நிறுத்தப்பட்ட 'ஃபயர்ஃபிளை' என்னும் தொடர், அன்பர்களின் ஆதரவினால் 2005இல் 'செரினிட்டி' என்னும் திரைப்படமாக மறுபிறப்பெடுத்தது. 'வெரோனிக்கா மார்ஸ்' தொடருக்கோ 2013இல் 91,585 பேர் தம் சொந்தப் பணத்தையே அனுப்பினர். சேர்ந்த தொகை 57 இலட்சம் டொலருக்கு மேல். முன்னர் கண்ணீரால் கேட்டோர் இப்போது காசோடு கேட்கின்றனர். காசு கொடுத்தவன் பொருளில் உரிமை பாராட்டுவது உலக இயல்பு. ஆனால் கலை விடயத்தில் அவ்வுரிமை எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

'டெட்வூட்' திரைப்படம் 2019ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. டேனியல் மினஹான் இயக்கினார்; எழுதியவர் மில்ச் அவர்களே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் வெறுமனே கழிந்துவிடவில்லை. சை டொலிவராக நடித்த பவர்ஸ் பூத் 2017இல் காலமானார். சமையற்காரனாக வந்து நகைப்பூட்டிய ரல்ஃப் ரிச்சேசன் 2015இலேயே மறைந்துவிட்டார். எல்லாவற்றினும் கொடிய செய்தி ஒளிபரப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்னர் வெளியாயிற்று: நினைவை அரித்துத் தின்னும் அல்ஸைமர் நோய் மில்ச்சைப் பற்றியிருந்தது. சொல்லையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர், சொற்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகும் வேளையில், தாம் பாதியில் விட்ட ஊரை நினைவிலிருந்து மீட்டு எழுதினார் என்பதை இரசிகர்கள் அறிந்தனர். அதை அறிந்த பின்னர் அவர்களாற் படத்தைப் படமாக மட்டும் பார்க்க முடியவில்லை.

கதை 1889இல் நடக்கிறது. தென் டகோட்டா ஒரு மாநிலமாகும் விழாவுக்கென, இப்போது செனற் சபை உறுப்பினனாகிவிட்ட ஹேர்ஸ்ட் ஊருக்குத் திரும்புகிறான். தொலைபேசிக் கம்பி இழுப்பதற்காகச் சார்ளி அட்டர் என்பவனின் நிலத்தைக் கேட்கிறான். மறுத்த அட்டர் கொலையுண்கிறான். நிறைமாதக் கர்ப்பிணியான ட்ரிக்ஸி மாடத்தில் நின்று ஹேர்ஸ்ட்டைக் கூவித் தூற்றுகிறாள். தான் உயிரோடிருப்பதை அதனால் தானே காட்டிக்கொடுக்கிறாள். இறுதியில் புல்லொக் ஹேர்ஸ்ட்டைக் கைதுசெய்து தெருவழியே கொண்டுசெல்கையில் ஊரார் சூழ்ந்து அவனைத் தாக்குகின்றனர். ட்ரிக்ஸிக்குக் குழந்தை பிறக்கிறது; சோல் ஸ்டாருடன் திருமணமும் நடக்கிறது. ஈரல் கெட்டுச் சாகக் கிடக்கும் ஸ்வெரிஞ்சனின் அருகே அவள் அமர்ந்து பரமபிதாவைத் துதிக்கும் செபத்தைத் தொடங்க, பரலோகத்திலிருப்பவர் அங்கேயே இருக்கட்டும் என்ற கருத்தில் அவன் வசைச்சொல் கலந்து முணுமுணுக்கிறான். அத்தோடு படம் முடிகிறது.

இதைக் கண்ட இரசிகர் இரு சாராராயினர். பெருந்தொகையினர் நெகிழ்ந்தனர். பழைய முகங்கள் நரைத்துச் சுருங்கி மீண்டும் அதே தெருவில் நடப்பதைக் கண்டபோது, தாமும் அத்தனை ஆண்டு முதிர்ந்துவிட்டதை உணர்ந்தனர். ஒப்பனையால் வராத முதுமை அது. மற்றைச் சாராரோ, இனிப்பான பண்டம் ஒன்று தமக்கு ஊட்டப்பட்டதாகக் குறைகூறினர். பழைய காட்சிகளைத் துண்டு துண்டாக இடையிற் செருகியது, பார்ப்போரின் ஞாபகத்தை நம்பாத செயல் என்றனர். மூன்று பருவங்கள் ஆறுதலாக நடந்த கதை இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்தில் ஓட்டம் பிடிக்கிறது என்றனர். திருமணம், பிறப்பு, பகைவனுக்கு அடி என்று எல்லாம் ஒழுங்காக முடிச்சிடப்பட்டதே அவர்களுக்குப் பெருங்குறையாயிற்று. இரத்தக் கறையைக் கழுவும் அந்தப் பழைய காட்சியே உண்மையான முடிவு. அதற்குமேல் எழுதியதெல்லாம் மிகை என்பது அவர்கள் வாதம்.

இரண்டாஞ் சாராரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஹேர்ஸ்ட் தெருவில் அடிபடும் காட்சி கைதட்டலுக்காக எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. உண்மையான ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் பெருஞ்செல்வராக, கலிபோர்னியாவின் செனற் சபை உறுப்பினர் பதவியிலிருந்தவாறே 1891இல் கண்மூடினார். டெட்வூட்டுக்கு அருகே அவரும் கூட்டாளிகளும் 1877இல் வாங்கிய ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002 வரை பொன் தந்தது; அதிலிருந்து எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ நான்கு கோடி அவுன்ஸ். எந்தத் தெருக்கூட்டமும் அவர்மீது கைவைத்ததாகச் சரித்திரமில்லை. பணம் வென்றது என்று கூறத் துணிந்த தொடர், படத்தில் அத்துணிவைச் சற்றே தளர்த்திக்கொண்டது உண்மையே.

ஆயினும், படம் தேவையற்றது என்ற முடிவுக்கு நாம் உடன்படோம். காரணம் ஜென். பழைய முடிவில் அவள் ஒரு கறை மட்டுமே. அவளுடைய உயிர் ட்ரிக்ஸியின் உயிருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவனும் பெற்றவளும் தொடர்ந்து வாழ்ந்தனர். கணக்கு அத்துடன் மூடப்பட்டது. கழுவி முடித்த தரையில் அடுத்த நாள் எவரும் நடக்கலாம். பத்தாண்டுக்கு மேலான பின்னர், ட்ரிக்ஸி மாடத்தில் நின்று கூவும்போது அக்கணக்கு மீண்டும் திறக்கப்படுகிறது. தன் உயிர் இன்னொருத்தியின் உயிர் என்ற நினைவோடு அவளால் மௌனமாக வாழ முடியவில்லை. ஆபத்தென அறிந்தும் கூவுகிறாள். இரசிகர் கேட்ட 'முடிவு' அதில் இல்லை. கேட்க மறந்த நியாயம் இருக்கிறது. நினைவு தேய்ந்துகொண்டிருந்த ஓர் எழுத்தாளர், தம் பாத்திரங்கள் மறந்துவிடக் கூடாத ஒருத்தியை நினைத்துக்கொண்டார். இந்த ஒன்றுக்காகவே அப்படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்போம்.

இவ்விடத்தில், படத்தைப் போற்றியோரும் தூற்றியோரும் ஒருசேரக் கவனியாத கணக்கொன்று உண்டு. டெட்வூட் எழுந்த நிலம் எவருடையது? 1868ஆம் ஆண்டு லறமிக் கோட்டை உடன்படிக்கையின்படி பிளாக் ஹில்ஸ் மலைநிலம் சூ இனத்தாருக்கு உரியதென அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. 1874இல் கஸ்டரின் படைப்பிரிவு அங்கே பொன் இருப்பதைக் கண்டறிந்தது. 1877இல் அரசு அந்நிலத்தைத் தனதாக்கிக்கொண்டது. படத்தில் விழாக் கொண்டாடப்படும் அதே 1889இல், எஞ்சியிருந்த பெரிய சூ ஒதுக்கு நிலமும் துண்டாடப்பட்டது. 1980இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அந்நிலப் பறிப்புக்குப் பத்துக்கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை உறுதிசெய்தது. பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்று கூறி அம்மக்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

தொடரில் இம்மக்களுக்குக் கிடைத்த இடம் யாது? முதற் பருவத்தில் வெட்டிக் கொண்டுவரப்பட்ட தலையொன்று ஸ்வெரிஞ்சனின் அறையில் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தனிமையில் அவன் அதனோடு மனம்விட்டுப் பேசுகிறான். அத்தலை மறுமொழி கூறுவதில்லை. மிகக் கூரிய கற்பனைதான். ஆனால் முப்பத்தாறு அத்தியாயங்களும் ஒரு திரைப்படமும் கடந்த பின்னரும் அத்தலைக்குரியோர் வாய்திறந்து பேசவில்லை. சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதைக் காட்ட வந்த கதை, அச்சட்டம் எந்த உடன்படிக்கையை மிதித்துப் பிறந்தது என்பதை ஓரமாகவே விட்டுச் சென்றது. ஜெனுடைய கணக்கைத் திறந்த மில்ச்சின் பேனாவுக்கு இதனைத் திறக்கவும் ஆற்றல் இருந்தது என்பதனாலேயே இக்குறை உறுத்துகிறது.

ஆகவே இரசிகரின் உரிமை பற்றிய நம் கருத்து இது: தொடங்கிய கதையை இலாப நட்டக் கணக்குப் பார்த்து நடுவில் அறுப்பது, பார்ப்போரை அவமதிக்கும் செயல், அதனைக் கண்டிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. முடிவு வேண்டுமென்று கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் இன்ன முடிவே வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. கட்டளைக்கு எழுதப்பட்ட இடங்களே படத்தில் நலிந்த இடங்கள்; ஹேர்ஸ்ட் அடிபடும் தெருவே அதற்குச் சான்று. எவரும் கேளாதபோது எழுதப்பட்ட ட்ரிக்ஸியின் கூக்குரலே வலிய இடம்.

பதின்மூன்று ஆண்டு காத்திருந்தோர் தாம் விரும்பியதைப் பெற்றுக்கொண்டு எழுந்து போயினர். அவர்கள் மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. நல்ல கதையின் முடிவு கதவை அடைப்பதோடு நின்றுவிடுவதில்லை. வெளியே நிற்பவர் எவர் என்று கேட்கவும் செய்யும். மலைக்கு உரியோர் 1877 முதல் அவ்வாறு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு முடிவு எழுதும் பொறுப்பை எந்த ஒளிபரப்பு நிறுவனமும் நிறைவேற்ற முடியாது. உடன்படிக்கையை எழுதிய கையே அதனை எழுத வேண்டும்.