நந்தன் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை

நந்தன் கதை புதிதாக மேடையேறும் போதெல்லாம் விமர்சனங்களில் ஒரே கேள்வி திரும்ப வருகிறது: நந்தன் பக்தரா, கலகக்காரரா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சாதிய வழக்குகளை நடத்திவரும் நாம் இக்கேள்வியையே ஏற்க மறுக்கிறோம். எந்த விடையைத் தேர்ந்தாலும் விசாரணைக் கூண்டில் நிற்பவர் நந்தனே. வாசலை அடைத்தவர்களை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

பெரியபுராணத்தில், ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தன் தில்லையின் மதிலுக்கு வெளியே மூட்டப்பட்ட தீயில் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக வெளிவருகிறார். 1861 அளவில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தது. சிதம்பரம் போக விடைகேட்கும் பண்ணையாளிடம், 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று கட்டளையிடும் வேதியர் அவர். பக்திக் கதைக்குள் பண்ணையடிமை முறை நுழைந்தது இவ்வழியாகத்தான்.

அன்றைய அறிஞருலகம் இதை எப்படி எதிர்கொண்டது? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினார். கீர்த்தனைகளில் இருந்த இலக்கண வழுக்கள் அவரை உறுத்தின என்பதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். பின்னர் 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகப் பாடினர். மக்கள் நினைவில் பாட்டு நிலைத்தது. 40 வேலியின் உழைப்புக் கணக்கு மங்கியது.

இக்கதையைத் தலைகீழாகத் திருப்பியது இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம். அது வெளிவந்த ஆண்டு 1978. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. இந்தப் பின்புலத்தில் எழுந்த நாடகத்தில் தீ அற்புதம் நிகழ்த்துவதில்லை, அது கொல்கிறது. பிராமணரும் பிராமணரல்லாத நிலவுடைமையாளரும் கைகோர்த்துச் செய்யும் சூழ்ச்சி அது. தீயை மூட்டியவர் யார் என்று மேடையிலிருந்து கேட்டதே இந்நாடகத்தின் பெரும் பங்களிப்பு. எனினும் நமக்கொரு மனக்குறை உண்டு. சூழ்ச்சி செய்யும் அறிவு முழுவதும் மேலே இருப்பவர்களுக்கே வழங்கப்பட்டிருக்கிறது. நந்தனுக்கு எஞ்சுவது ஏமாறும் பாத்திரம்.

நந்தனின் தில்லையைச் சோழநாட்டுச் செய்தி என்று கரிசல் வட்டாரத்து மாணவர்கள் ஒதுக்கிவிட முடியாது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில், 1897இல், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். கோயிலின் அறங்காவலர் என்ற உரிமையில் இராமநாதபுரம் மன்னர் வழக்குத் தொடுத்தார். உள்ளே சென்றவர்கள், தாம் சத்திரிய மரபினர். ஆகவே தமக்கு நுழைய உரிமை உண்டு என்று வாதிட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு, 1908இல் வழக்காற்றின் பெயரால் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

கமுதி வாதத்தையும் தில்லைத் தீயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நந்தன் முனிவராக உருமாற வேண்டியிருந்தது. இவர்கள் தம்மைச் சத்திரியராக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இரு இடங்களிலும் நுழைபவரின் தகுதிதான் விசாரிக்கப்பட்டது. வாசலின் நியாயம் விசாரிக்கப்படவில்லை. ‘நாங்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர்’ என்ற வாதம், வென்றிருந்தாலும் ஒரு சாதிக்கு மட்டுமே கதவைத் திறந்திருக்கும். சேரி அப்போதும் மதிலுக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

இந்த விசாரணை முறையைச் சட்டம் பின்னர் திருப்பிப் போட்டது. 1947இன் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டமும் அரசமைப்பின் 17ஆம் பிரிவும் வாசலைத் திறந்தன. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. அதன் 12ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் செயல் பட்டியல் சாதியினருக்கு எதிராக நிகழ்ந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை தடுத்தவரின் தோளில் ஏறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமையாகவே வரையறுக்கிறது. நந்தன் இன்று எவருக்கும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

நாடக விமர்சனம் இவ்விடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் தலித் அறிவு மரபும் மாற்றுக் கலை மரபும் வெகு காலத்துக்கு முன்பே நந்தனைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டன. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னராக வாசித்தார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அப்பெயரைப் பள்ளிக்கூடத்தின் மீது எழுதினார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தில் நாயகன் தேடிப் போவது தில்லையை அல்ல, படிப்பை. 1948இல் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்த தம் நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். இவர்களுள் எவரும் நந்தனைச் சோதிக்கவில்லை. அவரைத் தம் முன்னோராக ஏற்றார்கள்.

ஆகவே, இனி ‘நந்தன் கதை’யை மேடையேற்றும் மாணவர்களிடமும் அதைப் பற்றி எழுதுவோரிடமும் நாம் வேண்டுவது இதுதான். பாட்டும் ஆட்டமும் நடிப்பும் எப்படி என்று எழுதுங்கள். அவற்றோடு வேறு சில கேள்விகளையும் கேளுங்கள். தீ மூட்டியவர்களின் முகம் மேடையில் தெரிகிறதா? 40 வேலி யாருடைய நிலம் என்று சொல்லப்படுகிறதா? நந்தனுக்குச் சிந்திக்கவும் மறுக்கவும் இடம் தரப்பட்டிருக்கிறதா?

அரங்கத்துக்கு வெளியேயும் ஒரு கேள்வி இருக்கிறது. நம் கரிசல் ஊர்களில் பொங்கல் விழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். அந்த மேடை எந்தத் தெருவில் போடப்படுகிறது? சேரிக்காரர் முன்வரிசையில் அமர்ந்து பார்க்க முடிகிறதா? நந்தன் நாடகத்தை நடத்த விரும்புவோர் முதலில் மேடை போடும் இடத்தைத் தீர்மானியுங்கள். அங்கே ஒருவர் தடுத்தால், நாடகத்தின் முதற்காட்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். ஆனால் இம்முறை தீ தேவையில்லை. காவல் நிலையத்தில் ஒரு புகார் மனு போதும். அதை எழுதித் தர நாம் இருக்கிறோம்.