பழைய மருந்து, புதிய உறை, யாருக்கு லாபம்?

புற்றுநோய்க்கு மருந்து உண்டு. ஆனால் அது கட்டியை மட்டும் தாக்குவதில்லை. ரத்தத்தில் ஏறியதும் உடம்பெங்கும் பரவுகிறது. தலைமயிர் கொட்டுகிறது, கைகால் மரத்துப்போகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. இந்தக் கொடுமையைத் தணிக்க விஞ்ஞானிகள் ஒரு வழி தேடிவருகிறார்கள்.

புற்றுக் கட்டி அளவுக்கு மீறிச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அதனால் கட்டியைச் சுற்றிப் புளிப்பேறுகிறது. புளிப்பை அளக்கும் கணக்கில், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ரத்தம் 7.4; கட்டியின் சுற்றுப்புறம் சுமார் 6.5. இந்த வித்தியாசத்தைத்தான் விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டார்கள். மயிரிழைப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள உறைக்குள் மருந்தை அடைக்கிறார்கள். ரத்தத்தில் உறை பிரியாது. புளிப்புப் பட்டால் பிரிந்து மருந்தைக் கொட்டும். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்திலுமே நடக்கின்றன.

நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் பலன் யாருக்கு?

இப்படி உறையிலிட முயலும் மருந்துகளில் ஒன்று டாக்சால். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. 1962ல் பட்டையைச் சேகரித்தது அந்நாட்டு சர்க்கார். ஆராய்ச்சிக்கு உதவியது மக்களின் வரிப்பணம். 1991ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். 2002 வரை கம்பெனி விற்றது 900 கோடி டாலருக்கு மேல். சுமார் 48 கோடி டாலர் செலவிட்ட சர்க்கார் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமைத் தொகையோ வெறும் 3.5 கோடி! இது நமது கணக்கல்ல. அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகம் 2003ல் வெளியிட்ட கணக்கு.

விதை மக்களுடையது, விளைச்சல் கம்பெனிக்கா?

நாளை பழைய மருந்துக்குப் புதிய உறை போட்டு, இன்னும் 20 ஆண்டு ஏகபோகப் பேடண்டு கேட்பார்கள். நமது பேடண்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு இதற்கு ஒரு தடை. குணம் கூடியதென்று நிரூபிக்காமல், பழைய பொருளின் புது வடிவத்துக்குப் பேடண்டு கிடையாது. நொவார்ட்டிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கில், 2013ல் சுப்ரீம் கோர்ட்டு இதை நிலைநாட்டியது. பேடண்டு பெற்ற மருந்துக்கும் வழி உண்டு. 2012ல் கட்டாய லைசென்ஸ் வழங்கியதால், மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விலையிருந்த ஒரு புற்றுநோய் மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது.

இந்த இரண்டு ஆயுதங்களையும் மழுங்கவிடக் கூடாது. மருந்து கட்டியைச் சென்றடைய விஞ்ஞானிகள் வழி காண்கிறார்கள். அது ஏழையைச் சென்றடைய நாம்தான் போராட வேண்டும்.